வெட்டாமல் வாங்கும் தண்ணீர்

பாலைவனத்தில் வழிதவறியவன் கள்ளியை வெட்டிச் சாறு குடித்துப் பிழைப்பதைத் திரைப்படங்கள் நம் மனத்தில் பதித்துவிட்டன. அரிசோனாவில் பீப்பாய் போல வளரும் ஃபெரோகாக்டஸ் கள்ளியிடம் அது பலிக்காது. முள்ளையும் தடித்த தோலையும் அரிந்து உள்ளே போனால் இருப்பது தண்ணீரல்ல, கொழகொழவென்ற சதை. அதில் ஆக்சாலிக் அமிலமும் உண்டு. வெறும் வயிற்றில் உள்ளே போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குடித்ததைவிட இழந்தது கூடிப்போகும்.

செடியிடம் தண்ணீர் வாங்க அதை வெட்டவே வேண்டாம். அதுவே நாள் முழுக்க வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. கரியமில வாயு உள்ளே வர இலைத்துளைகள் திறந்தாக வேண்டும். திறந்தால் நீராவி வெளியேறும். வேர் உறிஞ்சும் நீரில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படித்தான் போகிறது. வெயில்படும் ஒரு கிளையை, இலைகளோடு, நிறமற்ற பாலிதீன் பைக்குள் விட்டு வாயை இறுகக் கட்டினால் அந்த ஆவி தப்ப வழியில்லை. சற்று நேரத்தில் பையின் உட்புறம் மங்கும்; பிறகு முத்து முத்தாய்த் துளிகள் திரண்டு கீழ்மூலையில் சேரும். மூலையில் முன்பே ஒரு கூழாங்கல் போட்டு வைத்தால் பை தாழ்ந்து நிற்கும். கள்ளி இதற்கும் உதவாது: அது துளைகளை இரவில்தான் திறக்கும். அகன்ற பச்சை இலையுள்ள மரமே தோது. நம் சீமைக்கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் மரம் ஆழத்து நீரை எட்டும் வேர் கொண்டது, ஆனால் முள் பையைக் கிழித்துவிடும்.

ஆவியில் நஞ்சு வராதே, எந்தச் செடியானால் என்ன என்று கேட்கலாம். உப்பு வராது என்பது சரி. ஆனால் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் கூடவே வரும். தேங்கிய நீரில் இலை ஊறினால் அதன் சாறும் இறங்கும். ஆகவே அரளி, எருக்கு, பால் வடியும் செடிகள் எதுவும் வேண்டாம். கிடைக்கும் அளவு போதாதே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். ஒரு பைக்குப் பெரும்பாலும் ஒரு குவளைகூடத் தேறாது. கொளுத்தும் வெயிலில் உழைப்பவனுக்கோ மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போகும். வேறு வழியும் உண்டு: 1965இல் ஆய்வாளர்கள் ரே ஜாக்சனும் வான் பாவெலும் அறிமுகப்படுத்திய முறையில் மண்ணில் குழி வெட்டி, வெட்டிய செடிகளைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை விரிக்க வேண்டும். அது நீர் தரும். ஆனால் குழி வெட்டவே வியர்வை கொட்டும். பை கட்டுவதற்கு அந்தச் செலவு இல்லை. ஒன்றுக்கு நான்கு பைகளாக, வெவ்வேறு கிளைகளில் கட்டலாம்.

காட்டுக்குப் போகிறவர்கள் பெரிய பாலிதீன் பைகள் நான்கைந்தும் கொஞ்சம் கயிறும் எடுத்துப்போங்கள். வழிதவறினால் காலையிலேயே கட்டிவிட்டு நிழலில் உட்காருங்கள்.