கல்லக்குடியின் சுண்ணாம்புக் குழிகள்

லால்குடி வட்டத்தின் தென்பகுதி நன்செய் நிலம். ஐயன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் அங்கே நெல்லையும் வாழையையும் வளர்க்கின்றன. வடகிழக்கே புள்ளம்பாடியைக் கடந்தால் நிலத்தின் முகம் மாறுகிறது. வானம் பார்த்த புன்செய். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல். அக்கரிசலுக்கு அடியில் ஒரு பழங்கடல் புதைந்து கிடக்கிறது. 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அக்கடலில் வாழ்ந்த பவளங்கள், பாசிகள், சிப்பிகள் ஆகியவற்றின் சுண்ணக்கூடுகள் படிந்து இறுகியதே கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல். 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் பிளான்போர்டு, இங்குள்ள மிகப் பழைய கடற்படிவுகளுக்கு இவ்வட்டத்துச் சிற்றூராகிய ஊட்டத்தூரின் பெயரையே சூட்டினார். உலக நிலவியல் நூல்களில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

அச்சுண்ணாம்புக்கல்லை நம்பி 1939இல் இங்கே சிமெண்டு ஆலை எழுந்தது. டால்மியாபுரம் என்னும் பெயரை நீக்கிக் கல்லக்குடி என்னும் பழம்பெயரை மீட்கக் கோரி 1953இல் நடைபெற்ற போராட்டத்தால் இவ்வூரைத் தமிழகம் முழுதும் அறியும். ஆனால், அங்குள்ள குழிகளுக்குள் நாள்தோறும் நடக்கும் பணியை அறிந்தோர் சிலரே.

சுரங்கப் பொறியியல் பழமையான தொழிற்கல்வி. தன்பாத்தில் 1926இல் தொடங்கப்பட்ட சுரங்கக் கல்லூரி இத்துறையில் இந்தியாவின் முன்னோடி. தமிழகத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது. பட்டம் பெற்றவர் உடனே சுரங்க மேலாளர் ஆகிவிட முடியாது. களத்தில் பணியாற்றிய பின், சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் நடத்தும் தேர்வில் வென்று தகுதிச் சான்றிதழ் பெறவேண்டும். நெடுங்காலம் இப்பயிற்சியின் நோக்கம் இரண்டே: தொழிலாளர் உயிருக்குத் தீங்கின்றிக் கல்லெடுத்தல், நாள்தோறும் கூடுதல் டன் எடுத்தல். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 1994இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் மூன்றாவது நோக்கம் ஒன்றைச் சேர்த்தன. குழிக்கு வெளியே வாழ்வோருக்கும் பொறியாளர் விடைசொல்லக் கடமைப்பட்டார்.

வெடிவைப்பை எடுத்துக்கொள்ளலாம். பாறையில் வரிசையாகத் துளையிட்டு வெடிமருந்து நிரப்பி, அனைத்தையும் ஒருங்கே வெடித்தால் அதிர்வு அருகிலுள்ள ஊர்களின் வீட்டுச் சுவர்களைத் தாக்கும். எனவே, ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி விட்டு வெடிக்கின்றனர். குடியிருப்பை அடையும் தாழ் அதிர்வெண் நில அதிர்வு நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்பது விதி. பாறை இடங்கொடுக்கும் இடங்களில் வெடியையே கைவிட்டு, சுழலும் பற்களால் பாறையைச் சீவியெடுக்கும் எந்திரங்களைப் பயன்படுத்துகின்றனர்.

அதிர்வைவிடக் கடினமானது நீர். உழவரின் கிணற்றைக் காட்டிலும் குழி ஆழமாகும்போது நிலத்தடி நீர் குழியை நோக்கிச் சரிகிறது. குழியில் தேங்கும் நீரை இறைத்தால்தான் பணி நடக்கும். இறைக்க இறைக்கக் கிணற்றின் மட்டம் இறங்கும். கோடையில் கிணறு வறண்டதற்கு மழை பொய்த்தது காரணமா, சுரங்கம் காரணமா? பருவமழைக்கு முன்னும் பின்னும் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுதோறும் அளந்த குறிப்புகள் இல்லாவிடில், இவ்வினாவுக்கு ஒருவராலும் நேர்மையாக விடைகூற இயலாது. அந்தக் குறிப்பேடு, சுரங்கத்தின் எந்த எந்திரத்தினும் குறைந்த விலையுடையது, பயன் மிகுந்தது. இறைத்த நீரைத் தெளியவைத்து வயலுக்கும் ஏரிக்கும் திருப்புவதும், கல்லெடுத்து முடிந்த குழியில் மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் மீளச்செலுத்துவதும் அடுத்த படிகள்.

தொடங்கும்போதே முடிவையும் வரைந்துகாட்டவேண்டும் என்பது இன்றைய சுரங்க விதி. சுரங்க மூடல் திட்டம் என அதற்குப் பெயர். மேல்மண்ணைத் தனியே குவித்துக் காத்தல், குழியின் ஒருபகுதியைக் கழிவுப்பாறையால் நிரப்பி அம்மண்ணைப் பரப்புதல், சரிவுகளில் மரம் வளர்த்தல் ஆகியன அதில் அடங்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மண்மேடுகள் இவ்வாறு தோப்புகளாகவும் விளைநிலமாகவும் மாற்றப்பட்டுள்ளன. எனினும், ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் தேவை. தொடக்கத்தில் கழிவோடு கலந்துபோன மண்ணைப் பின்னர் எவ்வளவு பொருள் செலவிட்டும் பிரிக்கமுடியாது.

நிலத்தைக் காத்தாலும் வானம் எஞ்சுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலக்கும். சூளைக்கு எந்த எரிபொருளை இட்டாலும் இக்கணக்கு மாறாது, ஏனெனில் அவ்வாயு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு சிமெண்டுத் தொழிலைச் சார்ந்தது. கல்லக்குடியில் ஆலை நடத்தும் நிறுவனம், வெளியேற்றுவதைவிட மிகுதியான கார்பனை 2040க்குள் ஈர்ப்பதாக இலக்கு அறிவித்துள்ளது. இலக்கை அறிவிப்பது எளிது. அதன் பெரும்பகுதி சூளைக்குச் செல்லும் கல்லின் அளவைக் குறைப்பதில்தான் நிறைவேறவேண்டும்.

இங்கேதான் சுரங்கப் பொறியாளரின் பழைய அறிவு புதிய வேலைக்கு உதவுகிறது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களும் சென்னை, தில்லி, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இணைந்து வளர்த்த ஒருவகைச் சிமெண்டில், சூளையில் சுட்ட கிளிங்கர் பாதியளவே உண்டு. எஞ்சியதில் பெரும்பங்கு, ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் சுட்ட களிமண். மேலும், சுடாத சுண்ணாம்புக்கல்லும் சிறிது ஜிப்சமும். கிளிங்கருக்கோ 1450 பாகை வெப்பம் தேவை. இவ்வகைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் தனித் தரவரையறை வெளியிட்டது. சுடாமல் சேர்ப்பதால், கிளிங்கருக்குத் தகாதென ஒதுக்கப்பட்ட தரங்குறைந்த கல்லும் இதற்குப் போதும். எந்த மேட்டில் அக்கல் குவிந்துள்ளது, எந்த அடுக்கில் ஏற்ற களிமண் உள்ளது, எத்தனை ஆண்டுக்கு அது வரும் என்பவற்றை வரைபடத்தில் குறிக்கக்கூடியவர், குழியைப் படிப்படியாக இறக்கிய அதே பொறியாளரே.