நடுவில் நிற்காமல் நடுவை ஆண்டவர்

ரிச்சர்ட் ரேட்டி உலக செஸ் சாம்பியன் ஆகவில்லை. அந்தப் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்புகூட அவருக்கு வரவில்லை. இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள பெஸினோக்கில் 1889-ல் பிறந்தார். வியன்னாவில் கணிதம் படித்தார். 40 வயதில், 1929-ல், பிராகில் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தார். அவர் பெயரைச் சொன்னதும் 1925-ல் சாவோ பாவ்லோவில் பலகையைப் பார்க்காமலே 29 பேருடன் ஒரே நேரத்தில் ஆடியதைத்தான் பலரும் நினைவுகூர்வார்கள். அது நினைவாற்றலுக்குச் சான்று, அவ்வளவே. ரேட்டியின் இடம் வேறு: அவர் எழுதியதும் ஆடியதும் ஒரே விசாரணையின் இரு கைகள்.

பலகையின் நடுவைச் சிப்பாய்களால் பிடிக்க வேண்டும் என்பதே அன்றைய பாடம். அங்கே சிப்பாயை நிறுத்தாமல் தூரத்திலிருந்தே நடுவை அடக்க முடியும் என்று 1922-ல் வெளியான ‘செஸ்ஸில் புதிய கருத்துகள்’ நூலில் ரேட்டி வாதாடினார். இரண்டே ஆண்டுகளில் நியூயார்க் போட்டியில் அந்த வாதத்தை அன்றைய உலக சாம்பியன் காப்பாபிளாங்கா முன் வைத்தார். முதல் நகர்த்தல் குதிரை எஃப்3. இரண்டு மந்திரிகளும் ஓரத்திலிருந்தே நடுவைக் குறிவைத்தன. நடுவில் உள்ள டி4 கட்டத்துக்கு அவருடைய சிப்பாய் போனது 16-வது நகர்த்தலில்தான். 31-வது நகர்த்தலோடு உலக சாம்பியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். எட்டு ஆண்டுகளில் அவருக்கு அதுவே முதல் தோல்வி.

ஒரு வெற்றியை வைத்துக் கொள்கையை நிரூபிக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே போட்டியில் ரேட்டி ஐந்தாவதாகத்தான் வந்தார். லாஸ்கர் முதலிடம், காப்பாபிளாங்கா இரண்டாமிடம். கருத்தும் அவர் ஒருவருடையதல்ல. நிம்ஸோவிட்ச், பிரேயர் போன்றோரும் அதே திசையில் சிந்தித்தவர்கள். ஆனால் அந்தச் சிந்தனைக்குச் செஸ் வரலாற்றில் ஓர் இடம் கண்டு, முந்தைய வீரர்களான மார்ஃபி, ஸ்டைனிட்ஸ் வழியாக அது எப்படி முளைத்தது என்று சாதாரண ஆட்டக்காரருக்கும் விளங்கும்படி எழுதியவர் ரேட்டி. பழைய பாடத்தை அவர் தூக்கி எறியவில்லை. விதியாக இருந்ததைக் கேள்வியாக்கினார்.

இந்தப் பார்வையின் சாரம் 1921-ல் அவர் அமைத்த ஒரு புதிரில் இருக்கிறது. வெள்ளை ராஜா எச்8 மூலையில். அதன் ஒரே சிப்பாய் சி6-ல், ஏ6-ல் நிற்கும் கறுப்பு ராஜாவின் பிடிக்குள். எச்5-ல் உள்ள கறுப்புச் சிப்பாய் ராணியாகப் போகிறது. நேராகத் துரத்தினால் வெள்ளை ராஜாவால் எட்டிப்பிடிக்க முடியாது. ஆனால் ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாட்டில் இறங்கினால் எதிரியின் சிப்பாயையும் தன் சிப்பாயையும் ஒருசேர நெருங்கும். கறுப்பு ஒன்றைக் கவனித்தால் மற்றது கைநழுவும், ஆட்டம் டிரா. ஒரே நகர்த்தலுக்கு இரண்டு வேலை. நடுவுக்கு வெளியே நின்று நடுவை ஆளலாம் என்ற கொள்கையும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

பட்டங்களை மட்டும் எண்ணினால் ரேட்டி இரண்டாம் வரிசைக்காரர்தான். ஆனால் அவருடைய நூல்களைப் புரட்டாதவர்கள்கூட இன்று குதிரையை எஃப்3-க்கு எடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள்; நடுவை இப்போதே பிடிப்பதா, பொறுப்பதா என்று யோசிக்கிறார்கள். அப்படி யோசிக்க இடமுண்டு என்று வாதாடி, ஆடியும் காட்டியவர்களில் ரேட்டி முன்வரிசைக்காரர்.