எந்தக் கத்தி உறுதியானது? விற்கும் முன் அறிந்துகொள்வோம்

கத்திக்கும் ஆயுதத்துக்கும் எந்த உலோகம் உறுதியானது என்று கேட்டால், "கடினமானதுதான்" என்று பலரும் சொல்வர். கண்ணாடியும் கடினமானதுதான்; விழுந்தால் நொறுங்குகிறது. கூர் மங்காத கடினம் ஒன்று, அடிபட்டு உடையாத தன்மை இன்னொன்று. ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறையும்.

தூய இரும்பு மென்மையானது. நூற்றுக்கு 0.6 முதல் 1 வரை காபன் சேர்ந்த உருக்கைக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தால் கடினமாகும். பின்னர் இளஞ்சூடு காட்டினால் நொறுங்கும் குணம் தணியும். பழைய லொறி வில்லுத்தகட்டில் கொல்லர் அடிக்கும் கொடுவாக்கத்தி பலகாலம் உழைப்பது இதனாலேயே.

நமது நாட்டு உருக்கு ஒரு காலத்தில் உலகச் சந்தையில் பெயர்பெற்றது. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில், 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, தென்மேல் பருவக்காற்றின் வேகத்தாலேயே இரும்புலைகள் எரிந்தன. தொல்லியலாளர் ஜூலெஃப் அம்மையார் அவ்வாறான உலையைக் கட்டி எரித்துப் பார்த்தார்; உயர்காபன் உருக்குக் கிடைத்தது. அந்த முடிவை 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார். 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-கிந்தி, வாள்கள் பற்றிய தமது நூலில் ஸரந்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். உருக்கு எந்த நாட்டது, வாள் எங்கே அடிக்கப்பட்டது என்ற இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்தார். கொள்முதல் செய்யும் வியாபாரியும் அவ்வாறே உலோகம் எது, தோய்ச்சல் எப்படி என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

புளியங்கூடல், ஊர்காவற்றுறை போன்ற உப்புக்காற்று வீசும் இடங்களில் காபன் உருக்கு விரைவில் துருப்பிடிக்கும். மீன் வெட்டுவோருக்குக் குரோமியம் கலந்த எவர்சில்வர் கத்தி வசதியானது. இங்கே ஓர் எச்சரிக்கை: காந்தம் ஒட்டாததுதான் அசல் எவர்சில்வர் என்று கடைகளில் சொல்வதுண்டு. பாத்திரத்துக்கு அது ஓரளவு பொருந்தும், கத்திக்குப் பொருந்தாது. தோய்ச்சல் ஏற்றுக் கூர் நிற்கும் எவர்சில்வரில் காந்தம் ஒட்டும். ஒட்டாத தகட்டில் செய்த கத்தி பளபளக்கும், ஆனால் விரைவில் மழுங்கும். பீங்கான் கத்தி துருப்பிடிக்காது; எலும்பில் பட்டால் விளிம்பு உதிரும்.

ஆகவே விறகுக்கும் எலும்புக்கும் வில்லுத்தகட்டுக் கத்தி, மீனுக்கும் மரக்கறிக்கும் எவர்சில்வர் என்று பிரித்து வையுங்கள். காபன் கத்தி வாங்குபவரிடம், கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசும்படி சொல்லுங்கள். சொல்லாமல் விற்ற கத்தி துருவோடு கடைக்குத் திரும்பி வரும். அத்துடன் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போய்விடும்.