வீட்டுப் பயோடீசலும் அடியில் தங்கும் கிளிசரினும்

பயன்படுத்தி முடித்த சமையல் எண்ணெயிலிருந்து வீட்டிலேயே பயோடீசல் தயாரிக்கும் வழக்கம், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் டீசல் விலை ஏறியபோது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியது. ஆண்டுக்கு 2,500 லிட்டருக்கு மிகாமல் தயாரிப்போருக்கு 2007-இல் பிரிட்டன் எரிபொருள் வரிவிலக்கு அளித்ததும் அதற்கு ஊக்கமாயிற்று. எரிபொருளை உண்டாக்குவது பெரிய வித்தையன்று. அதை வடித்தெடுத்த பின் கலத்தின் அடியில் தங்கும் பழுப்பு நிறக் குழம்பை என்ன செய்வது என்பதே கடினமான வினா.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று கொழுப்பு அமிலங்களும் அவற்றைப் பிணைத்து நிற்கும் ஒரு கிளிசரினும் சேர்ந்து அமைந்தது. எண்ணெயுடன் மெத்தனால் என்னும் ஆல்கஹாலையும், வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியாகக் காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷ் என்னும் காரத்தையும் கலந்து சூடேற்றும்போது, கொழுப்பு அமிலங்கள் கிளிசரினை விட்டு விலகி மெத்தனாலுடன் இணைந்து பயோடீசலாகின்றன. அடர்த்தி மிகுந்த கிளிசரின் கீழே இறங்கிவிடுகிறது. 100 கிலோ எண்ணெயிலிருந்து பிரிவது ஏறத்தாழ 10 கிலோ கிளிசரின்தான் என்றாலும், அடியில் சேரும் குழம்பு அதைவிட மிகுதி. வினை முழுமை பெறுவதற்காக 100 லிட்டர் எண்ணெய்க்கு 20 லிட்டர் அளவுக்கு மெத்தனால் ஊற்றுவது வழக்கம். அதில் 12 லிட்டரளவே வினையில் செலவாக, எஞ்சியதில் பெரும்பகுதி கிளிசரினோடு கலந்து நிற்கிறது. வினையூக்கியின் மிச்சமும், பலமுறை பொரித்த எண்ணெயில் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்கள் காரத்தோடு சேர்வதால் உண்டாகும் சோப்பும் அதனுடன் சேர்கின்றன.

இவற்றுள் அஞ்சவேண்டியது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த விஷச் சாராயத்தில் இருந்த அதே பொருள்தான் இது. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைப்பது. சுமார் 11 டிகிரி செல்சியஸிலேயே இதன் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதாலும், பகல் வெளிச்சத்தில் இதன் சுடர் கண்ணுக்குப் புலப்படாது என்பதாலும், குழம்பைத் திறந்த பாத்திரத்தில் காய்ச்சி மெத்தனாலைப் போக்கிவிடலாம் என்று வீட்டுத் தயாரிப்பாளர் சிலர் சொல்லும் யோசனை கண்டிக்கத்தக்கது. முறையான வழி, மூடிய கலத்தில் சூடேற்றி, எழும் ஆவியைக் குளிர்விப்பானின் வழியே செலுத்தி மீண்டும் நீர்மமாக்குவதாகும். மெத்தனாலின் கொதிநிலை சுமார் 65 டிகிரி. எனினும் குழம்பில் அதன் அளவு குறையக் குறைய வெப்பத்தை உயர்த்திக்கொண்டே போகவேண்டும். இவ்வாறு மீட்ட மெத்தனாலை, அதில் நீர் கலந்திராவிட்டால், அடுத்த முறைக்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.

மெத்தனால் நீங்கிய கிளிசரின் எதற்கு உதவும் என்பது, தயாரிப்பின் முதற்படியிலேயே எந்தக் காரம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. தயாரிப்போர் பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். காஸ்டிக் சோடாவின் வழி வந்த குழம்பு குளிரில் இறுகிக் கட்டியாகிவிடுவதோடு, அதிலுள்ள சோடியம் மண்ணை உவர்ப்பாக்கிக் கெடுக்கும். காஸ்டிக் பொட்டாஷின் வழி வந்ததோ நீர்மமாகவே இருக்கும். அதில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்த்தால் கொழுப்பு அமிலங்கள் மேற்புறத்திலும், கிளிசரின் நடுவிலும், பயிருக்கு உரமாகும் பொட்டாசியம் பாஸ்பேட் உப்பு அடியிலுமாகப் பிரிந்துவிடும். கிளிசரினைச் சாணத்தோடும் இலைதழையோடும் சிறிது சிறிதாகக் கலந்து மக்கவைக்கலாம். சாண எரிவாயுக் கலனில் சேர்த்தால் வாயு கூடுதலாகக் கிடைக்கும். அளவு மீறினால் கலன் புளித்து, வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செயலிழந்துவிடும்.

சோப்பு தயாரிக்கலாம் என்பது எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை. அது பொய்யன்று, ஆனால் மாதம் 100 லிட்டர் எண்ணெயைக் காய்ச்சும் ஒருவர் தம் குழம்பு முழுவதையும் சோப்பாக்கினால், தெரு முழுவதும் கை கழுவினாலும் தீராது. அடுப்பிலிட்டு எரிப்பது அதைவிடத் தவறானது. போதிய வெப்பமின்றி எரியும் கிளிசரினிலிருந்து கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் அக்ரோலின் என்னும் நச்சாவி எழும்.

பயோடீசலைக் கழுவிய நீரும் ஒரு துணைக் கழிவே. சோப்பும் காரமும் மெத்தனாலும் கலந்த அந்நீர் குளத்திலோ வாய்க்காலிலோ சேர்ந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்ப்பதால் மீன்கள் மடியும்.

கிளிசரினை விற்றுவிடலாமே எனில், பெரிய பயோடீசல் ஆலைகள் பெருகியதும் உலகச் சந்தையில் அது குவிந்து விலை சரிந்தது. செயற்கை முறையில் கிளிசரின் தயாரித்துவந்த டௌ நிறுவனம் டெக்சாஸிலிருந்த தன் ஆலையை 2006-இல் மூடியது. தூய்மைப்படுத்தாத வீட்டுக் குழம்பை அத்தகைய சந்தையில் யார் வாங்குவார்?

ஆகவே மெத்தனாலை மீட்கும் மூடிய கலனும், கிளிசரினை ஏற்கும் எருக்குழியோ எரிவாயுக் கலனோ இல்லாத வீட்டில் பயோடீசல் தயாரிக்காதிருப்பதே முறை. பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டிப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 முதல் நடத்திவருகிறது. அத்தகைய சேகரிப்பாளரிடம் எண்ணெயை ஒப்படைத்தால், கழிவைக் கையாளும் பொறுப்பும் அதற்கான வசதி கொண்டவர்களிடமே போய்ச் சேரும்.