நம் இணையதளத்தில் எல்லோரும் ஆர்டர் போட முடிகிறதா?

தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை போடுகிறோம். எடைக்கற்களைச் சரிபார்க்கிறோம். ஆனால் ஆர்டர் வாங்குவதற்காகச் செலவு செய்து அமைத்த இணையதளத்தைச் சோதித்துப் பார்க்கிறோமா? நானும் பார்த்ததில்லை. ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்த பிறகே பார்த்தேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக என்னிடம் சரக்கு எடுத்த சில்லறை வியாபாரி அவர். சர்க்கரை நோயால் பார்வை போன பிறகும் கடையை விடாமல் நடத்தி, தொலைபேசியில் ஆர்டர் சொல்லி வந்தார். நாங்கள் இணையதளத்துக்கு மாறியதும் அவருடைய ஆர்டர் நின்றது. ஒரு திருமண வீட்டில் சந்தித்தபோது காரணம் கேட்டேன். "போன் பண்ணினா வெப்சைட்ல போடுங்கன்னு உங்க பையன்கள் சொல்றாங்க அண்ணாச்சி. அதை என் போன் வாசிக்க மாட்டேங்குது. அதான் வேற இடத்துல எடுக்கிறேன்" என்றார்.

பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்', ஆப்பிள் போனில் 'வாய்ஸ்ஓவர்' என்ற பெயரில் உண்டு. கணினிக்கு 'என்.வி.டி.ஏ.' இலவசமாகவே கிடைக்கிறது. நாங்கள் விலைப்பட்டியலைப் படமாகப் போட்டிருந்தோம். அவருடைய போன் 'படம்' என்று மட்டுமே சொன்னது. துவரம்பருப்பு விலை அவருக்கு எப்படித் தெரியும்?

நாமே செய்யக்கூடிய சோதனைகள் இவை:

1. மவுஸைத் தொடாமல், 'டேப்', 'என்டர்' போன்ற விசைகளை மட்டும் கொண்டு ஒரு ஆர்டரை முடித்துப் பாருங்கள். கை நடுக்கம் உள்ளவர்கள் பலர் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

2. டாக்பேக்கை இயக்கிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தொட்டால் வாசிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் வேலை நடக்கும். அதை அணைப்பதற்கும் அப்படியே தட்ட வேண்டும். 'பட்டன்' என்று மட்டும் சொன்னால் அந்தப் பட்டனுக்குப் பெயர் வைக்கவில்லை என்று பொருள்.

3. எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது சர்வதேச நெறிமுறை. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து தேறாது.

4. இருப்பு தீர்ந்ததைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் 'இருப்பு இல்லை' என்று எழுதுங்கள். நிறக்குருடு உள்ளவர்களும் நம் வாடிக்கையாளர்களே.

குரோம் பிரவுசரில் உள்ள 'லைட்ஹவுஸ்' என்ற கருவி தானே சோதித்து மதிப்பெண் தரும். அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. படத்துக்குப் பெயர் இருக்கிறதா என்று அது பார்க்கும். மிளகாய்ப் படத்துக்கு 'மல்லி' என்று பெயர் போட்டிருந்தால் அதற்குத் தெரியாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. வங்கிக் கணக்குக்கான ஆன்லைன் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்வதால், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்றோரும் படும் சிரமம் குறித்த வழக்கில், 30-4-2025 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையவழிச் சேவைகளைப் பெறுவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அது கூறியது.

திருத்தங்களை முடித்த பின் அந்த வியாபாரியையே வரவழைத்து, அவர் நேரத்துக்கு உரிய தொகை கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். ஆர்டர் பதிவானதைப் போன் வாசித்துச் சொல்லவில்லை என்ற குறையை அவர்தான் கண்டுபிடித்தார். எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. அதையும் சரி செய்தோம். மறுவாரம் யார் துணையுமின்றி அவரே ஆர்டர் போட்டார்.

உறுப்பினர்களே, இன்று கடை சாத்திய பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் இணையதளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை பயன்படுத்திப் பாருங்கள்.