அளவை இரட்டித்தால் துணியும் இரட்டிக்குமா?

எங்கள் காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் வைகாசி மாதத்தில் தேரோடும். காவிரிப் படுகையின் கோயில் தேர்களில் உருளை வடிவமான வண்ணத் துணித் தொங்கல்கள் அசைவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குத் தொம்பை என்று பெயர். பல நிறத் துணிகளை வெட்டித் தைத்து இவற்றைச் செய்யும் கலைக்குத் தஞ்சை வட்டாரம் பெயர் பெற்றது.

ஒரு சிறிய மாதிரித் தொம்பையை நாமே தைப்பதாகக் கொள்வோம். தைத்தபின் 6 செ.மீ. பக்கமுள்ள 8 சதுரங்களை வட்டமாக இணைத்தால் சுற்றளவு 48 செ.மீ. ஆகும். ஆனால் துணியை 6 செ.மீ. அளவில் வெட்டினால் போதாது. தையலுக்காக ஒவ்வோர் ஓரத்திலும் 1 செ.மீ. விட வேண்டும். எனவே வெட்டும் அளவு 8 செ.மீ.

இப்போது இருமடங்கு பெரிய தொம்பை வேண்டும். 8-ஐ இரட்டித்து 16 செ.மீ. என்று வெட்டலாமா? தைத்தபின் ஒவ்வொரு சதுரமும் 14 செ.மீ. இருக்கும். சுற்றளவு 112 செ.மீ. வளையமோ 96 செ.மீ.தான்! 16 செ.மீ. துணி தொளதொளவென்று தொங்கும். அதையாவது மடித்துத் தைக்கலாம். பாதி அளவுத் தொம்பைக்கு 4 செ.மீ. என்று வெட்டியிருந்தால்? சுற்றளவு 16 செ.மீ. ஆகிவிடும். 24 செ.மீ. வளையத்தில் அது ஏறாது. வெட்டிய துணி வளராதல்லவா?

பிழை எங்கே? பூ வேலையின் அளவு மாறுகிறது. தையல் ஓரம் மாறுவதில்லை. ஆகவே முதலில் தைத்தபின் வரவேண்டிய அளவைப் பெருக்க வேண்டும். ஓரத்தைப் பிறகு கூட்ட வேண்டும். 6-ஐ இரட்டித்தால் 12. அதனுடன் 2 சேர்த்தால் 14 செ.மீ. இதுவே சரியான வெட்டு அளவு.

இதில் ஒரு லாபமும் உண்டு. தைத்த சதுரத்தின் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆனால் தேவைப்படும் துணி 64 ச.செ.மீ.இலிருந்து 196 ச.செ.மீ.தான் ஆகிறது. அதாவது, சுமார் மூன்று மடங்கே!

சதுரத்தை மூலைவாட்டில் பிரித்துச் சிவப்பும் வெள்ளையுமாக இரு முக்கோணங்களை இணைக்க விரும்பினால் எவ்வளவு கூட்ட வேண்டும்? 2 செ.மீ. போதாது. செங்கோணப் பக்கத்தில் 1 செ.மீ. கூடுகிறது. சாய்பக்கத்தை 1 செ.மீ. வெளியே தள்ளினால், 45° சாய்வின் காரணமாக, பக்கத்தின் வழியே அது √2, அதாவது 1.41 செ.மீ. நகர்கிறது. அந்தப் பக்கமே 1 செ.மீ. கீழிறங்குவதால் கூர்முனை மேலும் 1 செ.மீ. நீள்கிறது. ஆக, கூட்ட வேண்டியது 3.41 செ.மீ.

அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வை தைப்போர் கால் அங்குல ஓரம் விடுவர். இத்தகைய முக்கோணத்துக்கு அவர்கள் கூட்டுவது 7/8 அங்குலம். 3.41-ஐக் காலால் பெருக்கிப் பாருங்கள்: 0.85 வருகிறது. அளவு நாடாவில் அதற்கு மிக அருகில் உள்ள கோடே 7/8!

பழைய செய்தித்தாளில் வெட்டி, ஓரங்களை மடித்து இதைச் சரிபாருங்கள். பிறகு துணியில் கத்தரி வையுங்கள்.