அம்மா எதையும் தூக்கிப்போட விடமாட்டேங்கிறாங்களா? எங்கிருந்து தொடங்கலாம்?

தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம். வீட்டைச் சுத்தம் செய்யலாம்னு அம்மாவின் அறைக்குள் போகிறீர்கள்.

கட்டிலில் பாதி இடம் நெகிழிப் பைகளுக்கு. மீதிப் பாதியில் அம்மா தூங்குகிறார். ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து பல வருடம் ஆகிறது.

"இது வேணுமாம்மா?"

"இருக்கட்டும்பா. எதுக்காவது ஆகும்."

ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே இட்லி மாவு இருப்பது நம் எல்லார் வீட்டிலும் நடக்கும் கதைதான். அதில் தவறில்லை. ஆனால் சமைக்க அடுப்படியில் இடமில்லை, படுக்கக் கட்டிலில் இடமில்லை, கழிப்பறைக்குப் பக்கவாட்டில் நடந்துதான் போகணும் என்றால் அது வேறு விஷயம்.

சோம்பலா? நோயா?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டில் இதைத் தனியொரு மனநலக் கோளாறாக வகைப்படுத்தியது. சிங்கப்பூரில் 2010இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, சுமார் 50 பேரில் ஒருவருக்கு வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் பொருள்களைக் குவிக்கும் போக்கு இருந்ததாகக் காட்டியது. அப்படியென்றால் உங்கள் புளோக்கில் உங்கள் வீடு மட்டும் இப்படி இருக்க வாய்ப்பில்லை.

சிலர் இதைப் "பதுக்கல்" என்று சொல்வதுண்டு. அந்தச் சொல் சரியாகப் பொருந்தவில்லை. பதுக்குபவர் லாபத்துக்காக ஒளித்து வைப்பார். இங்கே எல்லாம் கண் முன்னால்தான் கிடக்கிறது.

பிறகு ஏன் விட முடியவில்லை? 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் காகிதங்களைக் காட்டி "வைத்துக்கொள்ளலாமா, கிழித்துவிடலாமா" என்று கேட்டார்கள். அப்போது அவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். வேறொருவரின் காகிதம் என்றபோது, முடிவெடுக்க உதவும் சில மூளைப் பகுதிகள் வழக்கத்தைவிடக் குறைவாக இயங்கின. தங்களுடைய காகிதம் என்றதும் அதே பகுதிகள் அளவுக்கு மீறி இயங்கின.

உங்களுக்கு இரண்டு விநாடி வேலையாகத் தெரிவது, அம்மாவுக்குப் பரீட்சை எழுதுவதுபோல. ஆயிரம் பொருள் இருந்தால் ஆயிரம் பரீட்சை.

"அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில காலி பண்ணிடலாமா?"

அண்ணனோ அக்காவோ இந்த யோசனையைக் கண்டிப்பாகச் சொல்வார்கள். ஆள் வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம், செலவும் பெரிதாக ஆகாது.

வேண்டாம். முடிவெடுக்கும் சிக்கல் அப்படியே இருப்பதால் வீடு மறுபடி நிறைந்துவிடும். சிலருக்கு முன்பைவிட வேகமாக நிறையும். அதைவிடப் பெரிய இழப்பு, அம்மா உங்களை நம்புவது. அடுத்த முறை நீங்கள் வரும்போது அறைக்கதவு பூட்டியிருக்கும்.

இன்னொன்று: நம் அம்மாமார்கள் புடவை மடிப்பில் பணம், பழைய பைக்குள் நகை ரசீது என்று வைப்பவர்கள். நீங்கள் கரங்குனிக்காரரிடம் கொடுத்த மூட்டையில் என்ன போனது என்று யாருக்குத் தெரியும்?

முதலில் பாதுகாப்பு, அழகு அப்புறம்

2022 மே மாதம் பிடோக் நார்த்தில் ஒரு வீவக வீட்டில் தீப்பிடித்து மூவர் மாண்டனர். வீடெங்கும் கிடந்து எரிந்த பொருள்களுக்கு நடுவே தீயணைப்பாளர்கள் முன்னேறச் சிரமப்பட்டார்கள். வீட்டில் பொருள் குவிந்திருந்தால் தீ வேகமாகப் பரவும். உள்ளே இருப்பவர் வெளியேறும் வழியும் அடைபடும்.

அதனால் "வீட்டையே காலி பண்ணணும்" என்று கிளம்பாதீர்கள். இலக்கைச் சுருக்குங்கள். அடுப்பைச் சுற்றி எதுவும் இருக்கக்கூடாது. மின்கம்பிகள் மேல் துணியோ காகிதமோ கிடக்கக்கூடாது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்கும் வாசலுக்கும் தடுக்கி விழாமல் நடக்க வழி வேண்டும். வெளியே பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

அம்மாவிடம் பேசுவதற்கும் இது நல்ல தொடக்கம். "இதெல்லாம் குப்பைம்மா" என்றால் சண்டைதான். "ராத்திரி நீங்க எழுந்து போறப்ப விழுந்துடுவீங்களோன்னு பயமா இருக்கும்மா. இந்த வழியை மட்டும் சரி பண்ணலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

எப்படிச் செய்வது?

அரை மணி நேரம் போதும். ஒரு மேசை, அல்லது ஓர் இழுப்பறை. காலாவதியான டின் உணவு, பழைய நாளிதழ், மூடி தொலைந்த டப்பா என்று மனசு ஒட்டாத பொருள்களிலிருந்து தொடங்குங்கள். அப்பாவின் சட்டையைக் கடைசிக்கு வையுங்கள்.

அம்மா கேட்காமல் எதையும் தொடாதீர்கள். பொருளை எடுத்துக் காட்டுவது உங்கள் வேலை, முடிவு அம்மாவுடையது. "வேணும்" என்றால் வேணும்தான். பத்தில் மூன்று வெளியே போனாலே அன்றைக்கு நல்ல நாள். சில பொருளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும், உட்கார்ந்து கேளுங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் சிலர் சம்மதிப்பார்கள்.

வெளியே போக முடிவானதை அன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள். வாசலில் வைத்தால் இரவோடு இரவாகத் திரும்பி வந்துவிடும். பழைய சோபா, அலமாரி போன்றவற்றைப் பல நகர மன்றங்கள் இலவசமாக எடுத்துச் செல்கின்றன. எத்தனை பொருள் என்பதற்கு வரம்பு உண்டு, முன்பதிவும் செய்யணும்.

உள்ளே வருவதையும் கவனியுங்கள். மாதம் ஒரு பை வெளியே போய், வாரம் மூன்று பை உள்ளே வந்தால் கணக்கு உதைக்கும்.

"இது அவ்வளவு மோசமில்லையே" என்று அம்மாவும், "ரொம்ப மோசம்" என்று நீங்களும் சொன்னால், இணையத்தில் கிடைக்கும் ஒன்பது படங்கள் கொண்ட அளவுகோலைப் பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் ராண்டி ஃபிராஸ்ட், கெயில் ஸ்டெக்டீ குழுவினர் உருவாக்கியது. ஒன்று என்றால் ஒழுங்கான அறை, ஒன்பது என்றால் கூரைவரை குவியல். அம்மாவையே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் உதவி நாடும் நேரம் என்கிறார்கள்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

இளவயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பவர்கள்தான் அதிகம். இதுவரை ஒழுங்காக இருந்த அம்மா திடீரென்று குவிக்கத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள். முதுமை மறதி நோயோ மனச்சோர்வோ காரணமாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்திலிருந்து தொடங்கலாம். எண்ணங்களையும் நடத்தையையும் மெல்ல மாற்றும் பேச்சு வழிச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. மாத்திரை போட்டு ஒரே வாரத்தில் தீரும் விஷயமல்ல.

அம்மா மருத்துவரிடம் வர மறுத்தால்? நீங்கள் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம். வீட்டுக்கு அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்தில் சமூக ஊழியரைச் சந்திக்கலாம். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1771, நாள் முழுவதும் செயல்படுகிறது. அம்மாவைப் பற்றிக் கேட்பதற்கு மட்டுமல்ல, சண்டை போட்டுக் களைத்துப்போன நீங்களும் அந்த எண்ணை அழைக்கலாம்.